சாவி வேண்டாம்

ஜூன் 14, புதன்

யாழுவுக்கு இன்று எல்.கே.ஜி. முதல் நாள். வேனில் ஏற்றிவிட்டுக் கையசைத்தேன். வேன் தெருமுனை திரும்பியதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். காங்கேயத்தைத் தாண்டி, தேங்காய் காயப்போடும் களங்களுக்கு அப்பால் இருக்கிறது பள்ளி. வேன் நின்ற இடத்திலெல்லாம் நானும் நின்றேன். ஒரு நிறுத்தத்தில் டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க, எதாச்சு குடுக்க மறந்துட்டீங்களா?" என்றார்.

"டிஃபன் பாக்ஸ்" என்றேன். கையில் ஒன்றும் இல்லை.

மே மாதம் அட்மிஷனுக்குப் போனபோது ஹெச்.எம். கமலவேணி மிஸ் கேட்டார்: "குழந்தைக்கு ஒடம்புக்கு எதாவது உண்டுங்களா? வீசிங், வலிப்பு, அலர்ஜி?" மூன்றில் நடு வார்த்தை வந்ததும் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் மாமியார் என் காலை மிதித்தார். "ஒண்ணுமில்லீங்க. புள்ள நல்லா இருக்குதுங்க" என்றார்.

அந்த வார்த்தையை வீட்டில் சொல்லக்கூடாது என்பது அத்தையின் உத்தரவு. அதனால் இங்கேயும் 'அது' என்றே எழுதுகிறேன். அது இதுவரை நான்கு முறை வந்திருக்கிறது, கடைசியாக மாசியில். காலையும் இரவும் சிரப் கொடுக்கிறோம். அஞ்சு நிமிஷத்துக்கு மேலே போனால் மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரே கொடுத்திருக்கிறார் கோயம்புத்தூர் டாக்டர். ஸ்பிரே என் கைப்பையில் இருக்கிறது, யாழு பள்ளியில் இருக்கிறாள். அதனால்தான் பின்னால் போனேன். வேறு ஒன்றுமில்லை.

ஜூன் 16, வெள்ளி

ஒன்றும் வரவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

ஜூன் 23, வெள்ளி

பள்ளிக்கு எதிரே ஒரு வேப்பமரம் இருக்கிறது. அங்கே நின்றால் எல்.கே.ஜி. ஜன்னல் தெரியும். சத்தம் கேட்டால் தெரியும். வீட்டில் தையல் கிளாஸ் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று ஹெச்.எம். கேட்டைத் திறந்துகொண்டு நேராக என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு வாரமா பாக்கறேன். என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிங்க."

"வெயில்ல நிக்கறதுக்கு உள்ள வந்து நில்லுங்க. எல்.கே.ஜி. மிஸ் பிரசவத்துக்குப் போறாங்க. ரெண்டு மூணு மாசம் பாத்துக்குவீங்களா?"

சம்பளம் சொன்னார். காதில் விழவில்லை. யாழுவும் நானும் ஒரே அறையில். வேறென்ன வேண்டும்?

போனில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் ரைஸ் மில் மெஷின் சர்வீஸில் இருக்கிறார், மாதத்தில் பாதி நாள் ஆந்திராவில். "பொழுது போகும்ல, போ" என்றார். பொழுது போகத்தான் என்று நானும் சொன்னேன்.

ஜூன் 26, திங்கள்

இருபத்து நான்கு குழந்தைகள். காலையில் ஒன்று அழ ஆரம்பித்தால் அடுத்தடுத்த பிள்ளைக்கும் பரவுகிறது. நான் பாட்டுப் பாடினேன். என் பாட்டைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் அழுதார்கள். ஆயா பாப்பாத்தி அக்கா வந்து, "மிஸ்ஸு, நீங்க பாடாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

பத்து மணிக்கு ஹெச்.எம். வெளியே கூப்பிட்டார். "கிளாஸுக்குள்ள அம்மா கிடையாது, மிஸ்தான். மத்ததெல்லாம் அம்மாவ விட்டுட்டு வந்துருக்குது. ஒண்ணு மட்டும் அம்மான்னு கூப்புட்டா மீதி இருவத்திமூணும் அழுவும்."

யாழுவைத் தனியாக நிறுத்தி, இது ஒரு விளையாட்டு, ஸ்கூலுக்குள்ளே நான் மிஸ் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "செரி மிஸ்" என்றாள். உடனே. ஒருமுறைகூட மறக்கவில்லை. மறப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

ஜூலை 5, புதன்

மூக்குத் துடைப்பது, பட்டன் போட்டுவிடுவது, பாத்ரூமுக்கு வரிசையாகக் கூட்டிப்போவது. கிரேயானைத் தின்பவன் ஒருவன். அவனுக்குப் பச்சைதான் பிடிக்கும்.

சாயங்காலம் ஹெச்.எம். சொன்னார்: "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க கிளாஸ் எடுக்கறப்ப உங்க கண்ணு ஒரே எடத்துலதான் இருக்குது. இன்னைக்குத் தன்விகா பென்சில மூக்குக்குள்ள உட்டுட்டு இருந்தா. நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். நீங்க அவ பக்கத்துலதான் இருந்தீங்க, பாக்கல."

முகம் சுட்டது. "பாக்கறேங்க மிஸ்" என்றேன்.

மௌலி என்று ஒரு பையன், முழுப்பெயர் மௌலீஸ்வரன். அம்மா ரேணுகா கடைவீதியில் பிளவுஸ் தைக்கிறார். தினமும் கேட்டில் பையனை விடும்போது புறங்கையால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். பிறகு சட்டைக் காலருக்குள் கழுத்தை. ஒரு நாளும் தவறுவதில்லை. நான் அவரைப் பார்த்துவிட்டு ஏனோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

கௌசல்யாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இவருடைய தங்கை, இருபத்து நாலு முடிகிறது. மாப்பிள்ளை வீட்டாரோடு வந்தவரைப் பார்த்ததும் காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் பள்ளி கரெஸ்பாண்டெண்ட் ஜெகதாம்பாள் மேடம். மாப்பிள்ளைக்குப் பெரியம்மாவாம்.

"அட, நம்ம தாரணி மிஸ்ஸு வீடா இது!" என்று சிரித்தார். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

மேடம் கௌசியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கையைப் பிடித்துப் பார்த்தார். "உள்ளங்கைல என்ன கண்ணு தழும்பு?"

கௌசி வாயைத் திறப்பதற்குள் அத்தை, "சின்னதுல அருவாமனை பட்டுதுங்க" என்றார்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. ஆடி கழியட்டும், ஆவணியில் நிச்சயம் என்று சொல்லிப் போனார்கள். கார் தெரு தாண்டியதும் அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"அம்மிணி, நீ நித்தம் அந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கறவ. ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா இந்த எடம் இல்ல. பரம்பரைன்னு கெளப்பி உட்டுருவாங்க. அப்பறம் எந்த எடமும் இல்ல. ஆவணி வரைக்கும் பல்லக் கடிச்சுட்டு இரு."

சரிங்க அத்தை என்றேன். இவர் பக்கத்தில் யாருக்கும் அது கிடையாதே, எப்படிப் பரம்பரை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. மாசியில் யாழுவுக்கு வந்தபோது நான் அலறினேன். அத்தை அலறவில்லை. முதலில் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, வாயோரம் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தெரியாத விஷயத்தில் இப்படிக் கை நடுங்காமல் இருக்க எனக்கு வராது. கெட்டிக்காரர்.

ஜூலை 14, வெள்ளி

சாப்பிடும்போது யாழு, "மிஸ், தண்ணி" என்றாள்.

வீட்டில். என் முகத்தைப் பார்த்து.

ஜூலை 21, வெள்ளி

பெருந்துறையில் ஒரு எண்ணெய்க் கம்பெனி லேபிலிருந்து போன். போன வருடம் விண்ணப்பித்தது. செப்டம்பர் ஒன்றாம் தேதி சேரலாமாம்.

இவருக்கு ஒரே சந்தோஷம். "எம்.எஸ்ஸி. படிச்சுப்போட்டு இன்னும் எத்தன நாளைக்கு மூக்குத் தொடச்சுட்டு இருப்ப? ஓகே சொல்லிரு."

சொல்லிவிட்டேன். லேபில் ஏ.சி. உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலை. எதுவும் கீழே விழுந்து கண்ணைச் செருகாது.

யாழுவை அப்போது யார் பார்ப்பார்கள் என்று இவர் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 2, புதன்

யாழுவுக்குக் காலையிலிருந்து உடம்பு சுடுகிறது. லீவு சொல்லிவிட்டேன். தெர்மாமீட்டரை எத்தனை முறை வைத்தேன் என்று தெரியாது. "அதைய வெச்சு வெச்சே புள்ளைக்குக் காச்சல் வந்துரும்" என்கிறார் அத்தை. ஈரத்துணியை மட்டும் அவர்தான் மாற்றிக்கொண்டே இருக்கிறார்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

காய்ச்சல் இறங்கிவிட்டது. அது வரவில்லை. யாழுவை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன். ஹெச்.எம். போன் மேல் போன்: "தாரணி மிஸ், என்னால ஒத்தையா ஆகல."

உள்ளே நுழைந்ததும் "மிஸ் வந்துட்டாங்க" என்று ஒரே கூச்சல். யாழு இல்லாத அறை. எங்கே பார்ப்பது என்று ஒரு நிமிடம் தெரியவில்லை. பிறகு எல்லோரையும் பார்த்தேன். தன்விகாவுக்கு முன் பல் ஆடுகிறது, இந்த வயதிலேயே. எப்போதிருந்து?

மௌலி ஒரு டப்பா நிறையப் பட்டன் கொண்டுவந்திருந்தான், அவன் அம்மா கடையில் மிஞ்சியது. தரையில் கொட்டி, சிவப்பு இங்கே, வெள்ளை அங்கே, நாலு ஓட்டை இருப்பது இந்தப் பக்கம் என்று ஆரம்பித்தோம். கிரேயான் தின்பவன் பச்சைப் பட்டன்களுக்குத் தலைவன் ஆனான், தின்னவில்லை. "நாலு ஓட்டையும் இருக்குது, பச்சையும் இருக்குது, இது எங்க போகும் மிஸ்?" என்று மௌலி கேட்டான். எங்கே போகும் என்று எல்லோரும் சண்டை போட்டார்கள். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

போகும்போது மௌலி என்னைக் குனியச் சொன்னான். குனிந்தேன். புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கழுத்தை.

"மிஸ்ஸுக்குக் காச்சல் இல்ல" என்றான்.

கண்ணில் ஏதோ தூசி. ஆடிக் காற்று.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

யாழுவைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் ரேணுகா மௌலியின் நெற்றியை இரண்டு முறை தொட்டார். போய்விட்டுத் திரும்பி வந்தார். "மிஸ், இன்னைக்குக் கொஞ்சம் பாத்துக்கங்க."

"என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க. லேசா சளி."

அந்த 'ஒண்ணுமில்லீங்க' எனக்குத் தெரியும். அது என் வீட்டில் இருப்பது. மேலே நான் கேட்கவில்லை.

பதினொரு மணி இருக்கும். பட்டன் அடுக்கிக்கொண்டிருந்தோம். மௌலியின் கை பாதியில் நின்றது. பட்டன் கீழே விழுந்தது. கண் மேலே செருகி, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது.

பாப்பாத்தி அக்கா ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "இரும்பு குடுங்க மிஸ்ஸு, கைல இரும்பு குடுங்க, நின்னுரும்!" மூடியிருந்த அவன் விரல்களைப் பிரித்துச் சாவியைத் திணிக்கப் பார்த்தார். ஹெச்.எம். கையில் ஒரு கரண்டி, பல்லுக்கு நடுவில் வைக்க.

"சாவி வேண்டாம்! தள்ளுங்க! வாய்ல ஒண்ணும் வெக்காதீங்க!"

அது என் குரலா என்று எனக்கே சந்தேகம். ஹெச்.எம். கையைத் தட்டிவிட்டேன். கரண்டி எங்கோ போய் விழுந்தது. மௌலியைச் சுற்றிக் கிடந்த பட்டன்களைத் தள்ளினேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். முந்தானையை மடித்துத் தலைக்கு அடியில் கொடுத்தேன். காலர் பட்டனைக் கழற்றினேன். பிடித்து அமுக்கவில்லை. கரும்பலகைக்கு மேலே கடிகாரம். கைப்பையைக் கவிழ்த்து ஸ்பிரேயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். அது யாழுவின் எடைக்கு எழுதிக் கொடுத்தது. இவனுக்கு அடிக்கலாமா கூடாதா? முள் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. ஹெச்.எம்.மிடம் ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னேன். "மௌலி, மிஸ் இங்கதான் இருக்கேன், மிஸ் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நாலாவது நிமிடத்தில் நின்றது. பெருமூச்சு விட்டான். எச்சில் வழிந்தது, துடைத்தேன். தூங்கிப்போனான். ஸ்பிரேயைத் திறக்கவே இல்லை.

தலையைத் தூக்கினேன். ஹெச்.எம். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? அதென்ன கைல?"

அப்போதுதான் உறைத்தது. யாழு எங்கே என்று இத்தனை நேரம் நான் பார்க்கவே இல்லை.

சுவரோரம் நின்றிருந்தாள். ஒரு கையில் தன்விகா, இன்னொரு கையில் பச்சைக் கிரேயான்காரன். என்னிடம் வந்தாள். எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"மிஸ், எனக்கும் இப்படித்தான் வருமா?"

ஆகஸ்ட் 9, புதன்

காலையில் கேட்டில் ரேணுகா என் கையைப் பிடித்துக்கொண்டார். மௌலி ஆஸ்பத்திரியிலிருந்து நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டானாம்.

"தப்பு என்மேலதானுங்க மிஸ். ஆனா இதுக்கு முந்தி ரெண்டு ஸ்கூலுக்குப் போனேனுங்க. உள்ளதச் சொன்னேன். சீட் இல்லைன்னுட்டாங்க. இங்கதான் சொல்லாத சேத்துனேன்."

பதினொரு மணிக்கு ஜெகதாம்பாள் மேடம் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லி, டீ கொண்டுவரச் சொன்னார்.

"அந்தப் பையன் அம்மாட்ட டி.சி. வாங்கிக்கச் சொல்லிட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

டீ வந்தது, எடுத்துக்கொண்டேன்.

"கமலவேணி மிஸ்ஸு எல்லாஞ் சொன்னாங்க. பாப்பா கேட்டதையும் சொன்னாங்க." குரலைத் தாழ்த்தினார். "பயப்படாதீங்க தாரணி. ஆவணிக்கு அப்பறம் நாம ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நம்ம வீட்டுப் புள்ளைய நாமளே வெளிய அனுப்புவமா? எந்தங்கச்சி காதுக்கு இது போகாது. நீங்களும் பேசாத இருங்க. அந்தப் பையன் சமாச்சாரம் வேற."

"அவனுக்கும் இதேதானுங்க மேடம்."

"தெரியுது. அதனாலதான் சொல்றேன், அந்தப் பையன் வேற."

சரிங்க என்றேன். கௌசிக்கு நல்ல இடம். யாழுவுக்குச் சீட் போகாது. எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கிறது.

டீ நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 10, வியாழன்

யாழு, "மௌலி எங்க மிஸ்?" என்றாள். ஊருக்குப் போயிருக்கிறான் என்றேன். "பட்டன வெச்சுட்டுப் போயிட்டான்" என்றாள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

தோசைக்கல்லில் கை சுட்டுக்கொண்டேன். யாழுவுக்குத் தலை வாரும்போது இரண்டு பக்கமும் வேறு வேறு உயரத்தில் கட்டிவிட்டிருக்கிறேன், பள்ளிக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

சாயங்காலம் கடைவீதிக்குப் போனேன். ரேணுகா மெஷினை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார். யாழுவைப் பற்றிச் சொன்னேன். நாளைக்குப் பேரண்ட்ஸ் மீட்டிங், மௌலி பேரைச் சொல்லட்டுமா என்றேன்.

"இனி மறைக்க என்னங்க இருக்குது? இருவத்தி மூணு வீட்லயும் அன்னைக்கே பேசிட்டாங்க. ஆனா நீங்க எதுக்குங்க சொல்லோணும்? உங்க வீட்டு விஷயந்தான் யாருக்கும் தெரியாதே."

பிளவுஸ் துணி வாங்க வந்தேன் என்று ஏதோ ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். ஊதா. எனக்கு ஊதா பிடிக்காது.

ஆகஸ்ட் 12, சனி

சுதந்திர தின விழாவுக்கு என்ன உடை, என்ன அளவில் கொடி என்று நான் சொல்ல வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. அம்மாக்கள் எல்லோரும் குழந்தை நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜெகதாம்பாள் மேடம் முன்னால். ரேணுகா வாசலருகே, உள்ளே வரலாமா என்று தெரியாமல்.

எழுந்து நின்றேன். பாப்பாத்தி அக்காவிடம் சாவிக்கொத்தைக் கேட்டேன். தயங்கிக் கொடுத்தார். அதைத் தூக்கிக் காட்டினேன்.

"இது எதுக்குன்னு உங்க எல்லாத்துக்கும் தெரியும். நம்ம வீடுகள்ல முதல்ல இதைத்தான் தேடுவோம். தேடறதுக்குள்ள செய்ய வேண்டியதச் செய்யாம விட்டுருவோம்."

கிளாஸ் கரடி பொம்மையைத் தரையில் கிடத்தினேன். ஒருக்களித்துப் படுக்க வைத்துக் காட்டினேன். பொம்மை இரண்டு முறை குப்புற விழுந்தது. யாரோ சிரித்தார்கள். நல்லதாகப் போயிற்று, அந்தச் சிரிப்பில் எனக்கு வாய் வந்தது.

"என் பொண்ணு யாழ்மதிக்கு வலிப்பு வரும். நாலு தடவ வந்துருக்குது. இந்தக் கிளாஸ்லதான் படிக்கிறா. அட்மிஷனப்ப கேட்டாங்க, சொல்லல. மௌலிக்கும் வரும். மௌலிய வேண்டாம்னு சொன்னா யாழுவையும் வேண்டாம்னு சொல்லணும். நான் இந்த ரெண்டு பேருக்கு மட்டும் மிஸ் இல்ல. ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் மிஸ்."

அதற்குப் பிறகு நான் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மேடத்தின் முகம் கல். அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மா, "மிஸ், அப்ப கொடி எத்தன பெருசு கொண்டு வரணுங்க?" என்றார்.

சொன்னேன். ஒரு சாண்.

கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேர் போகாமல் நின்றார்கள். தன்விகாவின் அம்மா கரடி பொம்மையைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டு வயசுல எங்க பாப்பாவுக்கும் ஒரு தடவ. அவங்க அப்பாவுக்குக்கூடத் தெரியாது மிஸ், அப்ப அவரு வெளியூர்ல." இன்னொருவர் யு.கே.ஜி. பையனின் தாத்தா. "அந்த ஒருக்களிச்சுப் போடறத இன்னொருக்கா காட்டுங்கம்மா" என்றார். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. காட்டினேன்.

மேடம் காரில் ஏறும்போது, "திங்கக்கிழம பேசலாம்" என்றார். தாரணி என்றும் சொல்லவில்லை, மிஸ் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டிலிருந்து காலையிலேயே போன் வந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறார்களாம்.

அத்தை என்னோடு பேசவில்லை. மாவு ஆட்டினார். நான் போட்ட டீயைக் குடிக்கவில்லை. கௌசிதான் வந்தாள்.

"அண்ணி, யாழுவுக்காகப் பண்ணுனீங்க, செரி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? என்ற கல்யாணம்தான?"

கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

கிரைண்டர் நின்றது. அத்தை மாவுக் கையோடு எழுந்து வந்தார்.

"அவள எதுக்கு கேக்கறே? என்னையக் கேளு." கௌசியின் வலது கையைப் பிடித்து விரித்தார். மாவு ஒட்டியது. "இது அருவாமனை இல்ல சாமி."

"பொறகு?"

"சாவி. உனக்கு ஆறு வயசு வரைக்கும் வந்துச்சு. அப்பெல்லாம் எனக்கு என்ன தெரியும்? வந்தப்பெல்லாம் சாவியக் குடுத்து இறுக்கிப் புடிச்சுக்குவேன். ஒருக்கா கை கிழிஞ்சு ரத்தமாப் போச்சு. அன்னைக்கிருந்து சாவிய எடுக்கறதில்ல. கதவச் சாத்திப்போட்டு ஒருக்களிச்சுப் போட்டுட்டு உக்காந்துக்குவேன். அப்பறம் தானா நின்னு போச்சு. உங்கப்பனுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

"அருவாமனைன்னு எல்லார்ட்டயும் சொன்னியே?"

"அருவாமனைன்னா மறுபடியும் யாரும் கேக்க மாட்டாங்க."

கௌசி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இருபது வருடமாகக் கூடவே இருந்ததை முதல்முறை பார்ப்பதுபோல. அத்தை என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நின்றேன்.

"அந்தப் பையன் கை கிழிஞ்சுதா?"

"இல்லீங்க அத்தை. தள்ளிட்டேன்."

தலையாட்டிவிட்டுக் கிரைண்டரைப் போட்டார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

மேடம் சுருக்கமாகப் பேசினார். இப்போது நாலு வீட்டில் எங்கள் பிள்ளைக்கும் உண்டு என்று வெளியே சொல்லிவிட்டார்களாம், எத்தனை பேருக்கு டி.சி. கொடுப்பது என்றார். "நீங்க இருக்கற வரைக்கும் அந்தப் புள்ளைங்க இருக்கட்டும். நீங்க போனா என்னால ஆகாது. செப்டம்பர்ல வேற வேலைக்குப் போறீங்கன்னு உங்க மாமியாரு போன்ல பெருமையா சொன்னாங்களே?"

அத்தை சொன்னது எனக்குத் தெரியாது. அவர் பெருமை அவருக்கு.

"போகலீங்க மேடம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் நான் முடிவு செய்துவிட்டேன் என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். ஒரு சாண் என்று சொல்லியும் மௌலியின் அம்மா முழக்கொடி தைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். அவன் வந்துவிட்டான். கொடிதான் அவனைத் தூக்கிக்கொண்டு வந்ததுபோல இருந்தது.

இவரிடம் போனில் பெருந்துறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். "எம்.எஸ்ஸி." என்று ஆரம்பித்தார். பிறகு, "கௌசி விஷயம் அம்மா சொல்லுச்சு. எனக்கே தெரியாது தாரணி. நானும் அதே வீட்டுலதான இருந்தேன்" என்றார். வேலையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. ஈரோட்டில் மழலையர் ஆசிரியர் பயிற்சி இருக்கிறது, சனி ஞாயிறு வகுப்பு, சேரட்டுமா என்றேன். "பாட்டுப் பாடச் சொல்லிக் குடுப்பாங்களா?" என்றார். வேண்டுமென்றே கேட்டார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. கௌசி போனைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறாள், அத்தையிடம் கொடுப்பதில்லை. அவர்கள் கூப்பிட்டால் கைத்தழும்பைத் தானே சொல்லிவிடுவாளாம். "அப்பறம் அவங்க பாடு" என்கிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் பழையபடி இல்லை. அது எனக்கு வர வேண்டியதுதான்.

நான் லீவு போடும் நாளும் இருக்கும். அதனால் போன வாரம் ஹெச்.எம்., பாப்பாத்தி அக்கா, வேன் டிரைவர் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். ஸ்பிரே இப்போது என் கைப்பையில் இல்லை. ஆபீஸ் அலமாரியில், யாழ்மதி என்று பெயர் ஒட்டி இருக்கிறது. பக்கத்தில் மௌலியின் டாக்டர் எழுதிக் கொடுத்தது, அவன் பெயரோடு.

இன்று மதியம் சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தேன். வகுப்பில் தரையில் கிரேயான்காரன் விழுந்து கிடந்தான். கையும் காலும் இழுத்தது. ஓரடி வைத்துவிட்டேன்.

அவன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டான்.

விளையாட்டு. மௌலி அவனைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்தான். தன்விகா தன் பையை மடக்கித் தலைக்கு அடியில் திணித்தாள், உள்ளே டிஃபன் பாக்ஸோடு. "கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்" என்று இரண்டு பேர் மற்றவர்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஒண்ணு, ரெண்டு, ஏழு" என்று எண்ணினான்.

சத்தம் கேட்டுப் பாப்பாத்தி அக்கா எட்டிப் பார்த்தார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. யாழு எழுந்து நின்று கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"சாவி வேண்டாம்" என்றாள். பிறகு குனிந்து கிரேயான்காரன் காதில், "பயப்படாத, மிஸ் இங்கதான் இருக்கேன்" என்றாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை.